நல்ல தண்ணி தேசப்பன்

பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரன் கோட்டை கட்டிக் கொடி ஏற்றியிருந்த காலம். பசியாவரம் தீவில் தேசப்பன் என்று ஒருவன் இருந்தான். பிறந்தது இறால் தடவுகிற குடும்பம். இடுப்பளவு தண்ணீரில் குந்திக்கொண்டு, கையால் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைக் கூடையில் போடுகிற பிழைப்பு. ஆனால் ஊரில் எவனும் அவனை இறால்காரன் என்று சொன்னதில்லை. நல்ல தண்ணி தேசப்பன் என்றால்தான் தெரியும்.

அங்கே சுற்றிலும் உப்பு. ஏரி உப்பு, கடல் உப்பு, அடிக்கிற காற்றும் உப்பு. மணல் மேட்டில் முழங்கை ஆழம் தோண்டினால் மட்டும் ஊற்று வரும். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே பாய் விரித்த மாதிரி படுத்திருக்கும். அதைக் கலக்காமல் கொட்டாங்கச்சியால் மேலாக வழித்தெடுக்க வேண்டும். ஒரு சாண் கூடுதலாகத் தோண்டினாலும் போச்சு, அவசரப்பட்டு மொண்டாலும் போச்சு. அடி உப்பு மேலே ஏறிவிடும். அப்புறம் அடுத்த மழை வரைக்கும் அந்தக் குழி வெறும் குழிதான். இந்த வேலையில் தேசப்பனையும் அவன் பெண்டாட்டி திரௌபதியையும் அடிக்க அந்தத் தீவில் ஆள் இல்லை.

கடல் தாண்டி ஜாவாவில் ஒல்லாந்துக்காரன் கட்டிய பத்தேவியாப் பட்டணத்துக்குப் போகிற கப்பல்களுக்குத் தண்ணீர் வேண்டுமே. கோட்டைக்காரர்கள் அந்த வேலைக்குத் தேசப்பனைப் பிடித்துக்கொண்டார்கள். படகில் பீப்பாய் வரும். நிரப்ப வேண்டும். மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு மடக்கு குடித்துப் பார்த்து, சரி என்று தேசப்பன் சொல்ல வேண்டும். அவன் சொன்ன பிறகுதான் மூடியை அடிப்பார்கள்.

அப்படித்தான் அவனுக்குப் பாஷை வந்தது. பேசவெல்லாம் வராது. ஒரே ஒரு சொல்தான் வரும், அது எல்லாப் பாஷையிலும் வரும். நாம் நல்ல தண்ணி என்கிறோம். தெலுங்குக்காரன் மஞ்சி நீள்ளு என்கிறான், அதுவும் நல்லதுதான். ஒல்லாந்துக்காரன் ‘ஸூட்’ என்பான். இனிப்பு என்று அர்த்தம். அவனுக்கு முன்னால் வந்த பறங்கி ‘தோஸ்’ என்பான், அதுவும் இனிப்பு. கோல்கொண்டாவிலிருந்து துணி வாங்க வருகிற முசல்மான் ‘மீட்டா’ என்பான், அதுவும் இனிப்புத்தான். கப்பலில் வேலை செய்கிற ஜாவாக்காரன் மட்டும் ‘தாவார்’ என்பான்.

“அது இன்னா ஐயா தாவார்?” என்று ஒரு நாள் துபாஷி வரதனைக் கேட்டான் தேசப்பன். வரதன் கோட்டையில் ஒல்லாந்துப் பேச்சைத் தமிழாகவும், தமிழை ஒல்லாந்தாகவும் ஆக்குகிற ஆள். தலைப்பாகை கொஞ்சம் பெரிது.

“ருசியே இல்லாததுன்னு அர்த்தம். சப்புன்னு இருக்கிறது.”

“இன்னா ஐயா இது, ஒருத்தன் இனிப்புன்றான், ஒருத்தன் சப்புன்றான். நான் இன்னா வெல்லமா கரைச்சி ஊத்தறேன்? சப்புன்னு இருந்தா அத எவன் குடிப்பான்?”

“உனக்குத் தண்ணியில மீன் கொழம்பு வாசனை அடிக்கணும். போய் வேலையைப் பாருடா.”

தேசப்பன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். இவன் விளையாட்டுக்குச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று வரதன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பின்னால் வந்தது வராமல் போயிருக்கும்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மணலுக்குள் நல்ல தண்ணீர் மெலிந்துவிட்டது. ஊற்றைச் சுற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் முட்டி போட்டுக்கொண்டு, விரல் கனத்துக்கு வழித்து வழித்து எடுத்தார்கள். பெரிய கப்பல் ஒன்று வந்து நின்றது. அதற்கு எண்பது பீப்பாய். இருபது நாள் எடுத்தது. தேசப்பன் எண்பதிலும் குடித்துப் பார்த்தான். எண்பதுக்கும் ‘ஸூட்’ என்று சொன்னான்.

கப்பலில் கப்பித்தான் ஒரு பீப்பாயைத் திறந்து குடித்தான். குடித்ததை அப்படியே தளத்தில் துப்பினான். இன்னொன்றைத் திறந்தான், அதையும் துப்பினான்.

அன்று மத்தியானமே கோட்டைக் காவலாட்கள் தீவுக்கு வந்து தேசப்பனைப் படகில் ஏற்றினார்கள். கோட்டைக்குள் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்தில் கப்பித்தானும் வரதனும். மேசைமேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர்.

“குடி” என்றான் வரதன்.

தேசப்பன் குடித்தான். அவன் ஊற்றுத் தண்ணீர்தான், சந்தேகமில்லை. “நல்லாத்தானே கீது ஐயா? இன்னா கொறை?”

அதிகாரி குடித்தான், முகம் கோணியது. கப்பித்தான் குடிக்கவே மறுத்தான். வரதன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தலைப்பாகைத் தொங்கலால் வாயைத் துடைத்தான். “உப்புடா, பாவி.”

“இல்ல ஐயா.”

“மூணு பேர் உப்புன்றோம். நீ ஒருத்தன் இல்லைன்றியா?”

“எங்க ஊட்டுல தெனம் குடிக்கிற தண்ணி ஐயா இது. எங்க நைனா குடிச்சது. உப்புன்னா எனக்குத் தெரியாதா? ஏரித் தண்ணிதான் உப்பு.”

அவன் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. அதுதான் கஷ்டம். பொய் சொன்னவன் என்றால் காலில் விழுந்து உண்மையைச் சொல்லித் தப்பிக்கலாம். இவனிடம் சொல்ல வேறு உண்மை இல்லை.

அதிகாரி கத்தவில்லை. நிதானமாக ஏதோ சொன்னான். வரதன் கீழே பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னான். “துணி மூட்டை வந்து சேர இன்னும் பன்னெண்டு நாள் ஆவும். அதுவரைக்கும் கோட்டையில இரு. கப்பல் கெளம்பறப்ப நீயும் போற. வழி முச்சூடும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கணுமாம். உனக்கு இனிப்புத்தானேன்றாரு.”

பத்தேவியாக் கப்பலில் ஏற்றப்பட்ட ஊர் ஆட்களில் ஒருவன் திரும்பி வந்ததாக ஏரிக்கரையில் பேச்சே கிடையாது. பஞ்ச காலத்தில் எத்தனையோ பேரை அடிமைகளாகக் கூட்டமாக ஏற்றிப் போனார்கள். ஒருவன் வரவில்லை.

பீப்பாய் அடுக்கும் கொட்டடிக்குப் பக்கத்து அறையில் தேசப்பனை அடைத்தார்கள். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் உள் மதிலைப் பார்த்து. ஏரி சத்தம் கேட்கும், ஏரி தெரியாது. தண்ணீர் முட்டும் மதிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று காதாலேயே கணக்குப் பண்ணிக்கொண்டு கிடந்தான். சோறு கொடுத்தார்கள். குடிக்கக் கோட்டைக் கூரையில் விழுந்து தொட்டியில் சேர்ந்த போன வருஷத்து மழைத் தண்ணீர். வாயில் ஊற்றினால் ஊற்றியது போலவே இல்லை. தாகம் அடங்கவில்லை. இது என்ன தண்ணீர், கழுவின கை மாதிரி இருக்கிறதே என்று திட்டிக்கொண்டே குடித்தான்.

நாலாம் நாள் திரௌபதி வந்தாள். இறால் குழம்பும் ஒரு செம்பு ஊற்றுத் தண்ணீரும் கொண்டுவந்தாள். செம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தான். “இப்பத்தான் தண்ணி குடிச்ச மாதிரி கீது” என்றான். அவள் அழுதாள். அவன் அழவில்லை.

ஒன்பதாம் நாள் மறுபடி வந்தாள். அதே செம்பு, அதே ஊற்று. ஒரு மடக்கு குடித்தவன் நிறுத்திவிட்டான்.

“எந்தக் குழியில மொண்ட?”

“நம்ம குழியிலதான். தாழை ஓரத்துல.”

“கலக்கிட்டியா?”

“யோவ், எனக்கே சொல்லித் தர்றியா? விடிகாலையில நானே வழிச்சேன்.”

“உப்பு கரிக்குதுடி.”

திரௌபதி செம்பை வாங்கித் தானும் குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள். “நல்லாத்தானே கீது! மாமா, இவனுங்க உனக்கு எதனா மருந்து வெச்சிட்டாங்களா?”

தேசப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. எண்பது பீப்பாய்த் தண்ணீரும் உப்பு. அவன் நாக்குப் பிறந்ததிலிருந்து அந்த உப்பிலேயே ஊறியது. மழை பொய்க்கப் பொய்க்கத் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது. அதோடு கூடவே நாக்கும் பழகிக்கொண்டே போயிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் வீட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? கோட்டைத் தண்ணீர் ஒன்பது நாளில் அந்த ஊறலைக் கழுவிவிட்டது.

வரதனைக் கூப்பிட்டு அனுப்பினான்.

“நான் பொய் சொல்லலன்னு காட்டறேன் ஐயா. பழக்கம்தான் கெடுத்தது. இந்தக் கோட்டைத் தண்ணி குடிச்சி நாக்கு தெளிஞ்சிட்ச்சி. இப்ப உப்பு எவ்ளோன்னு கூடச் சொல்லுவேன். ஏழு கிண்ணம் வெக்கச் சொல்லு.”

“அன்னிக்கு நல்லதுன்ன, இன்னிக்கு உப்புன்ற. கப்பலுக்குப் பயந்து சொல்றான்னு சொல்லுவாங்கடா.”

“சொல்லட்டும். கிண்ணத்த வெக்கச் சொல்லு.”

வைத்தார்கள். சமையல்காரன் மறைவாகப் போய், ஒரு கிண்ணத்தில் வெறும் மழைத் தண்ணீர், மற்ற ஆறில் ஒரு சிட்டிகையிலிருந்து ஆறு சிட்டிகை வரை உப்பைக் கரைத்து, மாற்றி மாற்றி வைத்தான். தேசப்பன் ஒவ்வொன்றிலும் நுனி நாக்கை நனைத்தான். கிண்ணங்களை நகர்த்தி வரிசையாக வைத்தான். சமையல்காரன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். ஒன்று கூடத் தவறவில்லை. ஒரு சிட்டிகைக் கிண்ணத்துக்கும் மழைத் தண்ணீருக்கும் வித்தியாசம் அதிகாரிக்கே தெரியவில்லை.

அதிகாரி எழுந்து வந்து தேசப்பன் தோளில் தட்டினான். கப்பித்தானோடு நெடுநேரம் பேசினான். வாசலுக்கு அப்பால் திரௌபதி நின்றுகொண்டிருந்தாள்.

“கப்பலுக்குப் போக வேணாமாம்” என்றான் வரதன்.

தேசப்பன் தரையில் விழுந்து கும்பிட்டான். எழுந்து வாசல் பக்கம் நாலடி நடந்தான். காவலாள் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

“இன்னா ஐயா?”

“உன்னை மாதிரி நாக்கு இந்தக் கரையிலயே இல்லையாம். ஆனா ஊட்டுக்குப் போனா ஊட்டுத் தண்ணி குடிப்ப, பழையபடி கெட்டுப்பூடும்னு துரை சொல்றாரு. சாப்பாடு, துணி எல்லாம் உண்டு. இங்கயே இருந்து பீப்பாய்த் தண்ணிய ருசி பாத்துச் சொல்லணும். தொட்டித் தண்ணி தவிர வேற குடிக்கக் கூடாது.”

“எத்தினி நாளைக்கு? கேட்டுச் சொல்லு.”

வரதன் கேட்கவில்லை. அதிகாரி முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, தேசப்பனை அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தான்.

எட்டு நாளுக்கு ஒரு முறை திரௌபதி வரலாம். சோறு கொண்டுவரலாம், தண்ணீர் மட்டும் கூடாது. காவலாள் கூடையைக் கிளறிப் பார்த்துத்தான் விடுவான். உள்ளே வந்து குடியிருக்கிறேன் என்று அவள் கேட்டாள். ஊர்ப் பெண்களுக்குக் கோட்டையில் இடம் இல்லை என்றுவிட்டார்கள். இப்படியே ஐந்து வருஷம் போனது. அந்த அதிகாரி போய் வேறொருவன் வந்தான். உத்தரவு அப்படியே நின்றது.

ஆறாம் வருஷம் தேசப்பன் ஒரு வழி கண்டுபிடித்தான். நாக்கு கெட்டுப்போனவனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று வரதனிடம் சுற்றி வளைத்துக் கேட்டான். “சோறு போட்டு வெச்சிக்கினு இருப்பாங்களா? தொரத்திடுவாங்க” என்றான் வரதன். தேசப்பன் திரௌபதியிடம் கருவாடு கொண்டுவரச் சொன்னான். கருவாட்டைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரையே குடித்தான். ஒரு நாளும் விடவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் மழைத் தண்ணீர் மறுபடி சப்பென்று ஆனது. அன்றைக்கு அவனுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஊருக்குப் பாதி வழி போய்விட்டது போல் இருந்தது.

பீப்பாய் வந்தது. உப்பேறிய தண்ணீர் என்று அவனுக்கே தெரியாது. மனசார ‘ஸூட்’ என்றான். புது அதிகாரி குடித்துப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். அப்புறம் பழைய ஏடு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தான். படித்துவிட்டுச் சிரித்தான்.

“கோவப்படல அவரு” என்றான் வரதன். குரல் இறங்கியிருந்தது. “பத்து நாள் மழைத் தண்ணி குடுத்தா சரியாப் பூடுமாம். நீயே ஒருக்கா காட்டிக் குடுத்திருக்கியாம், எழுதி வெச்சிருக்காங்க. இனிமே கருவாடு உள்ள வரக் கூடாதுன்றாரு.”

சொன்னபடியே பத்து நாளில் சரியாகிவிட்டது. தேசப்பன் எவ்வளவு வேண்டாம் என்றாலும் நாக்குக் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. திரௌபதி வந்தாள். வாசல் படியில் இந்தப் பக்கம் இவனும் அந்தப் பக்கம் அவளும் குந்தினார்கள்.

“குழியெல்லாம் ததும்புது மாமா. தண்ணி எவ்ளோ நல்லா கீது தெரியுமா?”

“நல்லான்னா எப்டி?”

“நல்லான்னா இன்னா, நல்லாதான்.”

“சப்புன்னா, கொஞ்சம் கரிப்பாவா?”

“குடிக்கிற தண்ணியில இன்னாய்யா சப்பு, கரிப்பு? நல்லா கீதுன்னா புரியாதா உனக்கு?”

தேசப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். தானும் ஒரு காலத்தில் சொன்ன அந்த ‘நல்லா’வை விளங்கிக்கொள்ள ரொம்பவும் முயன்றான். அவளும் வேறு சொல் தேடினாள், கிடைக்கவில்லை. காவலாள் ஈட்டிக் காம்பால் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினான். அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு துறைக்கு நடந்தாள். உள்ளே புதுக் கப்பலின் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. வரதன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தேசப்பன் எழுந்து போய் முதல் பீப்பாய்மேல் குனிந்தான்.