‘கேட்கவில்லை’ என்றுதான் எழுதினார்

பிலோமினா இறந்துவிட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு மீன் வியாபாரி. கண்டிச் சந்தையில் நவாஸ் நானாவின் கடைக்கு முன்னால் நின்று பாரை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். விலை பேசும்போது கத்தியைக் கீழே வைக்கிற மனிதர் அல்ல அவர்.

“சேர், நீங்க கேள்விப்படல்லயா? நம்மட சுறா மிஸ் மவுத்தாகிட்டாங்களாம். காலைல அவங்கட அக்கா கோல் எடுத்துச் சொன்னாங்க.”

நான் கேள்விப்படவில்லை. மத்தியானம்தான் எங்கள் பல்கலைக்கழகத்து வாட்ஸ்அப் குழுவில் மெழுகுதிரிப் படத்தோடு செய்தி வந்தது. அதன் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவர் நோயில் கிடந்த மாதங்களில் அந்தக் குழுவில் ஒருவரும் அவருடைய பெயரை எழுதவில்லை. மீன் கடைக்கு முதலில் தெரிந்தது, எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இதை வாசிக்கும் சக ஆசிரியர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலாநிதி பிலோமினா மலைநாட்டில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். எங்கள் விலங்கியல் துறையில் விரிவுரையாளராக இருந்தார். மகாவலி ஆறு கிழக்கே கடலோடு சேரும் கழிமுகத்தில் சுறாக்களும் திருக்கைகளும் எப்போது வருகின்றன, எவ்வளவு காலம் தங்குகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நான் பௌதிகவியல்காரன். ஒலியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பதால் அவருடைய வேலையில் ஒட்டிக்கொண்டவன்.

அடக்கத்துக்கு முன்னால் தேவாலயத்தில் பேசியவர்களில் ஒருவர், கழிமுகத்து மணல் பற்றி ஆராய அமைத்த நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவரைத் தலைவர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். “தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆழ்கடல்வரை நீந்திச் சென்ற வீராங்கனை” என்றார். பிலோமினாவுக்கு நீந்தத் தெரியாது. வள்ளத்தில் ஏறும்போதே உயிர்காப்பு அங்கியை மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கிக் கட்டிக்கொள்வார். ஆழ்கடலுக்கும் அவர் போனதில்லை. அவர் வேலை செய்த இடத்தில் வற்று நேரத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

மகியாவை மயானத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது தலைவர் என் தோளில் கை வைத்தார். என் ஊர்ப்பக்கத்து மனிதர்தான்.

“நினைவு மலர் ஒண்டு போடுறம். நீங்கள் கட்டாயம் எழுத வேணும். அவவின்ர சிரிப்பைப் பற்றி எழுதுங்கோ. கசப்பான விசயங்கள் வேண்டாம், என்ன?”

“ஓம், எழுதுறன்” என்றேன். எழுதுகிறேன்.

பிலோமினா முதன்முதலாக என் அறைக்கு வந்தது ஒரு கேள்வியோடு. “சேர், தண்ணிக்குள்ள சத்தம் எவ்வளவு தூரம் போகும்?” எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா, தெளிந்ததா, கலங்கியதா? அவர் சிரித்துவிட்டார். “எல்லாம் ஒண்ணா கலந்த தண்ணி சேர். ஆத்தோட வாய்.” கண்டியில் இருந்துகொண்டு சுறா பிடிக்கப் போகிறாளாம் என்று துறையிலே அவரைக் கேலி செய்துகொண்டிருந்த காலம் அது. அவர் காதுபடவே மலைச் சுறா என்று பேர் வைத்திருந்தார்கள். நானும் ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். “தூரமே இல்ல சேர். ஹேவாஹெட்டயில நான் மூஞ்சி கழுவுன தண்ணி எல்லாம் அங்கதான் போயிச் சேருது. அது பின்னாலயே போயிப் பார்க்குறேன், அவ்வளவுதான்” என்றார்.

வேலை இப்படி. சின்ன விரல் அளவில் ஒரு குப்பி. அதற்குள் ஒரு பற்றரியும், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை இடைவிட்டு எழுப்பும் கருவியும். ஒவ்வொரு குப்பிக்கும் தனி எண். அது எழுப்பும் ஒலியிலேயே அந்த எண் இருக்கும். திருக்கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் மல்லாத்திக் கிடத்தினால் தூங்கியதுபோல் அடங்கிவிடும். வயிற்றில் சிறிதாகக் கீறி, குப்பியை உள்ளே வைத்து, தையல் போட்டு விட்டுவிடுவார். கழிமுகத்தின் அடியில் அங்கங்கே நட்ட கம்பங்களில் கேட்கும் பெட்டிகளைக் கட்டியிருந்தோம். மீன் பக்கத்தால் போனால், இன்ன எண் இன்ன நேரம் போனது என்று பெட்டி பதிந்து வைத்துக்கொள்ளும். தையல் போட்ட மீனைத் தண்ணீரில் விடும்போதெல்லாம் பிலோமினா, “போ ராசா, போயி பேசிக்கிட்டே இரு” என்பார்.

போர் முடிந்திருந்தாலும் சந்தேகம் முடியவில்லை. யோசித்துப் பாருங்கள்: யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவனும் தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தியும், துறைமுகமுள்ள ஊருக்குப் பக்கத்தில், தண்ணீருக்கடியில் ஒட்டுக்கேட்கும் பெட்டிகளை வைக்கிறார்கள். ஒரு சோதனைச் சாவடியில் எங்களை இறக்கி, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் மாறியது. யாரை ஒட்டுக்கேட்கிறீர்கள் என்று அவர் சிங்களத்தில் கேட்டார். திருக்கையை, என்றார் பிலோமினா. திருக்கை என்ன பேசியது என்று அவர் கேட்டார். பிலோமினா என்னைவிட நூறு மடங்கு நல்ல சிங்களத்தில், “இதுவரைக்கும் ஒன்றும் பேசவில்லை மாத்தையா, பேசினால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்” என்றார். அதிகாரி சிரித்து, தேத்தண்ணீர் வாங்கித் தந்து அனுப்பினார். போகும்போது, சுறாக்கள் உண்மையாகவே ஆற்றுக்குள் வருமா என்றும் ஆவலோடு விசாரித்தார். நிபுணர் குழுவிலிருந்த ஒருவரும் அந்தக் கேள்வியைக் கடைசிவரை கேட்கவில்லை.

நிபுணர் குழு வந்தது, கழிமுகத்தில் இயந்திரம் போட்டு மணல் அள்ள ஒரு நிறுவனம் அனுமதி கேட்டபோது. அங்கே சுறாக்குட்டிகளும் திருக்கைக் குஞ்சுகளும் வளர்கின்றன, அடியைக் கிளறினால் அவை போக இடமில்லை என்பதற்குப் பிலோமினாவிடம் பதிவுகள் இருந்தன. வறண்ட காலத்துப் பதிவுகளில் மீன்கள் ஓயாமல் பேசின. மாரியில் வெள்ளம் வந்ததும் பெட்டிகளில் ஒன்றுமே பதியவில்லை. ஆற்று நீர் உப்பு நீரின் மேல் படுத்துவிட்டால், இரண்டும் தொடும் இடத்தில் ஒலி வளைந்து வேறு பக்கம் போய்விடும். சேறு பெட்டிகளையும் மூடிவிடும். அதை எதிர்பார்த்தே அவர் ஒரு காரியம் செய்திருந்தார். ஒரு குப்பியை மீனுக்குள் வைக்காமல், பெட்டிக்குச் சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில் கட்டிவிட்டிருந்தார். வெள்ள காலத்தில் அந்தக் குப்பியும் கேட்கவில்லை. அறிக்கையில் இரண்டையும் நேர்மையாக எழுதினார்: மாரியில் மீன்கள் கேட்கவில்லை, கம்பமும் கேட்கவில்லை.

கூட்டம் கண்டியிலே ஒரு ஹோட்டலில் நடந்தது. நானும் போயிருந்தேன். தலைவர் அறிக்கையைச் சுருக்கிச் சொன்னார்: “மாரி காலத்தில் அங்கே சுறாக்களோ திருக்கைகளோ இல்லை என்று கலாநிதி பிலோமினாவின் ஆய்வே காட்டுகிறது. ஆகவே மாரியில் மணல் அள்ளத் தடையில்லை.”

பிலோமினா எழுந்தார். “சேர், கேக்கலன்னுதான் எழுதுனேன். இல்லன்னு எழுதல.”

“எல்லாம் ஒண்டுதானே பிள்ளை.”

“ஒண்ணு இல்ல சேர். கம்பத்துல கட்டுனதும்தான் கேக்கல. அப்ப கம்பமும் நீந்திப் போயிருச்சா?”

சிலர் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விசயம் முடிந்துபோனது. நான் எழுந்து, ஒலி வளைவதை விளக்கத் தொடங்கினேன். “பௌதிகப் பாடத்தைத் தேத்தண்ணிக்குப் பிறகு வைச்சுக்கொள்ளுவம்” என்றார் தலைவர். தேத்தண்ணீரும் வந்தது, கேக்கும் வந்தது. பிறகு ஒருவரும் பாடம் கேட்கவில்லை. அடுத்த மாரியில் இயந்திரங்கள் இறங்கின. மாரிக்கு மட்டும் என்று கொடுத்த அனுமதி கோடைக்கும் நீண்டது. மீனே இல்லாத இடத்தில் மீனுக்குக் காது எதற்கு என்று, பெட்டிகளைக் கழற்றி, அவற்றைத் தந்த வெளிநாட்டுக்கே அனுப்பிவைத்தார்கள்.

தமிழில் கேட்பது என்றால் இரண்டு அர்த்தம். பிலோமினா இரண்டையும் விடாமல் செய்தார். பெட்டிகள் போன பிறகு மீன் வியாபாரிகளைக் கேட்க ஆரம்பித்தார். கிழக்கிலிருந்து ஐஸ் போட்டு வரும் மீன் கண்டிக்கும் வரும், கலகெதரக்கும் வரும், கடுகண்ணாவைக்கும் வரும். எல்லாச் சந்தையிலும் போய் நின்று, திருக்கையை வெட்டும்போது வயிற்றில் ஒரு குப்பி இருந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். சுறா மிஸ் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. சிரித்தவர்கள் உண்டு. நவாஸ் நானா சிரிக்கவில்லை.

ஒரு மாரி நாளில், வகுப்பு முடிந்து வெளியே வந்த பிலோமினாவின் கைபேசி அடித்தது. “மிஸ், ஒங்கட சாமான் ஒண்டு வந்தீக்கி.” என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். பாதி வெட்டிய திருக்கை பலகையில் கிடந்தது. பக்கத்தில் கழுவி வைத்த குப்பி. மேலே பொறித்திருந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அறிக்கை எழுதிய ஆண்டின் வெள்ளத்துக்கு முன்னால் கடைசியாகக் கேட்ட திருக்கைகளில் ஒன்று. எங்கே வலையில் பட்டது என்று நவாஸ் நானா அங்கேயே மீனை அனுப்பிய வியாபாரிக்குக் கோல் எடுத்து விசாரித்தார். ஆற்று வாயிலேயே, முந்தின நாள், வெள்ளத் தண்ணீரில். இல்லை என்று தீர்ப்பெழுதிய இடத்தில், இல்லை என்று தீர்ப்பெழுதிய பருவத்தில் அது இருந்திருக்கிறது.

“மிச்சத்த என்ன செய்ய மிஸ்?” என்று கேட்டார் நவாஸ் நானா.

பிலோமினா அளவெடுத்து முடித்திருந்தார். “வெட்டிக் குடுத்துருங்க நானா. ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்கல்ல.”

அடுத்த நாளே குப்பியை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனார். வாசலில் நான் காத்திருந்தேன். சுணங்காமல் உடனேயே வெளியே வந்தார். “என்ன சொன்னவர்?” என்று கேட்டேன். “செத்த மீனு ஒண்ணு சாட்சி சொல்ல முடியுமாம்மான்னு கேட்டாரு சேர்” என்றார். படியில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரி செய்தார். “உயிரோட பேசுனப்பவும் கேக்கலயே” என்று ஒருமுறை சொன்னார். அதன் பிறகு அந்த மனிதரைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. இப்போதும் ஆறவில்லை, ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது அம்பிட்டியவில், அவருடைய அக்கா வீட்டில். ஈரல் நோய் ஆளைப் பாதியாக்கியிருந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், தலையணைக்குக் கீழே கைவிட்டு அந்தக் குப்பியை எடுத்துத் தந்தார்.

“வச்சுக்கோங்க சேர். பற்றரி இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும்.”

“எனக்கேன்? உம்மட சாமான் உம்மட்டயே இருக்கட்டும்” என்றேன்.

“நான் செத்தா இவங்க கூட்டம் வப்பாங்க. தப்புத் தப்பா பேசுவாங்க. நீங்க போயி திருத்திருங்க சேர். வேற யாரும் திருத்த மாட்டாங்க.”

விசர்க்கதை கதைக்காதையும் என்று அதட்டினேன். தேவாலயத்தில் வீராங்கனை நீந்திக்கொண்டிருந்தபோது என்னால் எழுந்து திருத்த முடியவில்லை. சவப்பெட்டி நடுவில் இருந்தது, அக்கா அழுதுகொண்டிருந்தார். ஆகையால் இங்கே திருத்துகிறேன்.

அவர் கடலை ஆராயவில்லை, கழிமுகத்தை ஆராய்ந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. அவருடைய சிரிப்பு அழகானதுதான். ஆனால் அந்த ஹோட்டலில் சிரித்தவர் அவர் அல்ல. மாரியில் மீன் இல்லை என்று அவர் ஒருபோதும் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை என்பதை எடுத்து, பிலோமினா எங்கேயோ இருக்கிறார், நமக்குத்தான் கேட்கவில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள என்னால் முடியாது. அது மீன்களுக்கு. மண் போட்டவர்களில் நானும் ஒருவன். பிலோமினா இல்லை.

இருப்பது குப்பி. என் மேசை லாச்சியில், பேனைகளுக்கு நடுவில் கிடக்கிறது. கேட்கும் பெட்டி நாட்டில் ஒன்றுகூட மிச்சமில்லாததால், அது இன்னும் பேசுகிறதா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொல்வேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: ஒரு குப்பி, ஒரு வேறுபாடு.

தலைவர் அவர்களுக்கு: நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன். மலரில் போடாமல் விட உங்களுக்கு முழு உரிமையும் உண்டு. யாராவது விசாரித்தால், என்னுடைய கட்டுரை உங்களுக்குக் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.