காதில் விழுந்ததை ஊருக்குச் சொன்னவள்

எனக்கு வாய் நீளம். கல்யாணத்துக்கு முன்பு பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்தபோதே அந்தப் பெயரை வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரருக்குக் குரல்தான் சொத்து. மைக் செட் வைத்திருந்தார். அறுபதுகளில் திருப்பூரில் மைக் செட்காரர்கள் இசைத்தட்டைச் சுழலவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள். இவர் தானே பேசுவார். ஊர்த் தேர் அவர் சொல்லித்தான் நிலை சேரும்.

அது விளையாட்டுக் காரியமில்லை. கடைசி முனை திரும்பும்போது வடம் இழுப்பவர்களுக்குச் சக்கரம் தெரியாது. சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர்களுக்கு வடம் தெரியாது. உயரத்திலிருந்து ஒருவர் பார்த்து இருவருக்கும் சொல்ல வேண்டும். தேர்நிலைக்கு எதிரே இருந்த ஜவுளிக்கடை மொட்டைமாடியில் அவர் மைக்கோடு நிற்பார். நான் கீழே கடைக்குள் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருப்பேன். எங்கள் இருவருக்கும் மட்டும் ஒரு தனி ஒயர் இழுத்திருந்தார். அதன் இரண்டு முனையிலும் பழைய டெலிபோன் ஒவ்வொன்று. அதில் பேசுவது ஊருக்குக் கேட்காது. "நல்லூர்க்காரங்க புள்ளையக் காணோமாமுங்க, பச்சைப் பாவாடை" என்று நான் அதில் சொல்வேன். உடனே வெளியே எல்லாக் குழாயிலும் அவர் குரல் கேட்கும். நடுவில் "வெய்யில்ல நிக்காதீங்க மாமா" என்பேன். அதை அவர் ஊருக்குச் சொன்னதே இல்லை. எது யாருக்கென்று அவருக்குத் தெரியும்.

ஒரு வருஷம் மாசியில் அவர் குரல் கம்மத் தொடங்கியது. பங்குனியில் வெறும் காற்றுதான் வந்தது. கோயமுத்தூர் டாக்டர் தொண்டையில் கட்டி என்றார். மற்றதை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அதை விழுங்கிக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். "குரல் வர நாளாகுமாமுங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

"ஊருக்குத் தெரியக் கூடாது. ஐயோ பாவம்னு பாக்கறவன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்" என்று கிசுகிசுத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் தொண்டை கட்டியிருக்கிறது என்று நானே பொய் சொன்னேன்.

வைகாசித் தேருக்கு அவர் ஏற்பாட்டை மாற்றினார். மைக் கீழே என்னிடம் வந்தது. அவர் மாடியில் டெலிபோனோடு நிற்பார். அவருடைய காற்றுக் குரல் அதற்குப் போதும். அவர் கிசுகிசுப்பதை நான் அப்படியே ஊருக்குச் சொல்ல வேண்டும்.

"யோசிக்காத அம்மிணி. காதுல உளுந்தது வாயில வரோணும். நீ யோசிக்கற நேரத்துல ஒருத்தன் காலு போயிரும்" என்றார்.

வீட்டிலேயே பழக்கினார். சாப்பிடும்போது "சோத்துல உப்பில்லை" என்று கிசுகிசுப்பார். நானும் "சோத்துல உப்பில்லை" என்று கத்துவேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏனக்கா, அதையும் ஊருக்குச் சொல்லோணுமா?" என்று சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்து இருமல் பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை முட்டியது. எழுந்துபோய் உப்பை எடுத்துவந்து நங்கென்று வைத்தேன்.

தேரன்று எல்லாம் சரியாகத்தான் போனது. "இடப்பக்கம் கட்டை குடுங்க." சொன்னேன். "வடத்தைத் தளத்துங்க." சொன்னேன். தேர் முனை திரும்பிவிட்டது. நிலைக்குக் கொஞ்ச தூரம்தான். வடத்தைச் சரிசெய்ய நிறுத்தினார்கள். மேளமும் நின்றது. அப்போது காதில் விழுந்தது, என் வாயில் வந்துவிட்டது.

"இந்தத் தேரோட சரி அம்மிணி. அடுத்த தேரைப் பாக்க நான் இருக்க மாட்டேன்."

என் குரலில், எல்லாக் குழாயிலும். சொல்லி முடித்த பிறகுதான் அது எனக்குச் சொன்னது என்று புரிந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! நான் மறைத்ததை அவர் என்னிடமே மறைத்திருக்கிறார். கடைவாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தது. எந்தப் பார்வை வேண்டாமென்றாரோ அதே பார்வை.

மாடிப்படியில் அவர் இறங்கி வரும் சத்தம் கேட்டது. கன்னத்தில் ஒன்று விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்றிருந்தேன். வந்தவர் என் தலையில் கை வைத்தார். "உன்ற வாய் இருக்குதே..." என்றார். பிறகு மைக்கை எடுத்துக்கொண்டு, "கூட்டு" என்றார்.

"கூட்டினா குழாய் ஊளையிடுமுங்க மாமா."

"ஊளை உடட்டும். கூட்டு."

வால்யூமை முழுக்கத் திருகினேன். அவர் வாசலில் நின்று தேரைப் பார்த்தபடி மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டார். "வடத்தைப் புடிங்க சாமி" என்று காற்றாக ஒரு குரல், ஊளைக்கு நடுவே, தெரு முழுக்கப் போனது. வடம் இழுத்தால் வாய் கிழியக் கத்துகிற ஊர் எங்கள் ஊர். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேளக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் சொன்னது காதில் விழ வேண்டும் என்று அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். சக்கரம் கிரீச்சிடுவதும் அவர் கிசுகிசுப்பதும்தான் கேட்டன. "தேரு நிலைக்கு வந்துருச்சுங்க. பத்திரமா ஊடு போய்ச் சேருங்க" என்று சொல்லிவிட்டு மைக்கை என் மடியில் வைத்தார். நான் அங்கேயே ஓவென்று அழுதேன்.

ஆடியில் அந்தக் காற்றும் குறைந்தது. வீட்டுக்கு வந்து பார்ப்பவர்களிடம் அவர் பேச நினைத்தால், நான் அவர் உதட்டில் காதை வைத்து, விழுந்ததை அப்படியே உரக்கச் சொல்வேன். "வாங்க." "காப்பி குடிங்க." "மழை பேஞ்சுதுங்களா." ஒன்றும் தப்பாது.

கடைசி நாளன்று காலையிலும் காதை வைத்தேன். சொன்னார். கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.