ஸ்டெல்லா சொல்ல மறுத்தது

வெள்ளிக்கிழமை காலை பல்லாவரம் சந்தையில் ரோஜாச் செடிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன். "ஸ்டெல்லா மேடம் தவறிட்டாங்க மேடம். ஹார்ட் அட்டாக்." "காலங்காத்தால என்னய்யா விளையாட்டு?" என்று கத்தினேன். முந்தின நாள் சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் என்னோடு டீ குடித்தவள். இதை எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு வந்துபோன யாரும் அவளை மறந்திருக்க மாட்டார்கள். ஒருமுறை, கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி கவுன்டர் முன்னால் நின்று அழுதாள். நாங்கள் திருதிருவென்று விழித்தோம். ஸ்டெல்லா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து, "காலையில ஏதாச்சும் சாப்ட்டீங்களா?" என்றாள்.

"உனக்கு மட்டும் எப்படிடி இதெல்லாம் வருது?" என்று மதியம் கேட்டேன்.

"எல்லாம் காப்பி அடிச்சதுக்கா. கையைப் புடிக்கிறது எங்க சர்ச் பாஸ்டரம்மா. சாப்ட்டீங்களான்னு கேக்கறது நீங்க. மனுஷங்ககிட்ட என்ன பேசறதுன்னு எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே தெரியாது. பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

"அப்ப நடிப்பா?"

"இல்லக்கா. அவங்க அழுதா எனக்கு வலிக்குது. அத எப்படிக் காட்டறதுன்னுதான் தெரியாது."

சமையலையும் பார்த்துத்தானே கற்றுக்கொள்கிறோம், வெளியே சொன்னால் என்ன என்று சண்டைக்குப் போனேன். "நீங்களே நடிப்பான்னுதான கேட்டீங்க? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். நானும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சேலையூரில் அவள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவரெல்லாம் அவளுடைய அன்பான பேச்சைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். பிளஸ் டூ படிக்கும் அவள் மகள் ஜெனி என்னை மாடிப்படிப் பக்கம் இழுத்துப் போனாள்.

"இவங்கள்லாம் யாரைப் பத்திப் பேசறாங்க ஆன்ட்டி? வீட்ல அம்மா இப்படிப் பேசவே மாட்டாங்க. நான் அழுதாகூட பக்கத்துல வந்து சும்மா உக்காந்துருப்பாங்க. என்னை மட்டும் புடிக்காதா அவங்களுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். "வெளிய அவ யாரையாவது பாத்துத்தான் நடந்துக்கிட்டா. உன்கிட்டதான்டி அவ அவளாவே இருந்தா."

அதுவரை அழாமல் இருந்தவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். கடைசியில், "எல்லார்கிட்டயும் சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டெல்லா மேல் எனக்கு மிஞ்சியிருப்பது கோபம்தான். உன் பிள்ளையிடமாவது நீயே சொல்லியிருக்கலாமே, ஸ்டெல்லா.