சித்தப்பா கை தூக்கிய பந்து

எங்கள் ஊர் ஏரி வருஷத்தில் மூன்று மாதம்தான் கிரிக்கெட் மைதானமாக இருக்கும். தண்ணீர் வற்றி வண்டல் காய்ந்ததும் வெடிப்புகளில் மண்ணை வெட்டிப் போட்டு நிரப்ப வேண்டும். ரோடு போட வந்திருக்கும் ரோலர் டிரைவரின் கையைக் காலைப் பிடித்து ஒரு மணி நேரம் ஓட்டவைத்தால் பிட்ச் தயார். அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு டோர்னமெண்டை நடத்தி முடிக்கப் பையன்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் தேர் வரும். அடுத்த ஞாயிறு யாருக்காவது காதுகுத்து இருக்கும். அதற்கடுத்த ஞாயிறு, இந்தந்தக் கொல்லையில் கரும்பு வெட்டலாம் என்று ஆலையிலிருந்து உத்தரவு வந்துவிடும். உத்தரவு வந்தால் வெட்டியே ஆக வேண்டும். பதினோரு பேரில் ஐந்து பேர் மட்டையை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம், அம்பயர்தான் பெரிய தலைவலி. வெளியூரிலிருந்து பொதுவான ஆள் ஒருவரைக் கூட்டிவரும் வசதி யாருக்கும் கிடையாது. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த டீம் பேட்டிங் ஆடுகிறதோ அந்த டீமின் ஆளேதான் அம்பயராக நிற்க வேண்டும். தன் பக்கத்துப் பையனுக்குத் தானே அவுட் கொடுக்கும் மகராசன் எங்கே இருக்கிறான்? ஸ்டம்பு பெயர்ந்து விழுந்தாலொழிய விரல் மேலே போகாது. பந்து மட்டையில் உரசியதா இல்லையா என்று கேட்டால் எல்லா அம்பயர்களுக்கும் ஒரே நேரத்தில் காது அடைத்துக்கொள்ளும். இரண்டு டீமும் இதே வேலையைச் செய்வதால் கணக்கு நேராகிவிடும் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

எங்கள் டீமுக்கு அம்பயர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. அதிகம் பேசமாட்டார். கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆறு புளியங்கொட்டைகளை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றிப் பந்தை எண்ணியபடி நிற்பார். அவரும் ஊர் வழக்கத்துக்கு விலக்கானவர் அல்லர். சந்தேகம் என்று வந்தால் நம் பிள்ளைக்குத்தான் என்பது அவர் கொள்கை. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்கு அதிசயமாகப் படாது.

அப்போது எனக்குப் பத்து வயது. கள்ளக்குறிச்சி இன்னும் விழுப்புரம் மாவட்டத்தோடுதான் சேர்ந்திருந்தது. என் அண்ணன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் டீமின் நல்ல பேட்ஸ்மேன் அவன்தான். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் கிடையாது. வேப்பமரக் கிளையில் பழைய சாக்ஸுக்குள் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு, செல்போனில் பார்த்ததை வைத்து அவனாகவே அடித்துப் பழகினான். அந்த வருஷம் கள்ளக்குறிச்சி டவுன் கிளப் ஒன்றில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே தோல் பந்து, வலை, சொல்லிக்கொடுக்க கோச், எல்லாம் உண்டு. அதில் நுழைந்துவிட்டால் மாவட்ட லீக் ஆடலாம். அந்த கோச் எங்கள் ஊர் ஃபைனலைப் பார்க்க வருவதாகவும், பிடித்திருந்தால் ஒரே ஒரு பையனை எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியனுப்பியிருந்தார். அண்ணன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். நானும் இருக்கிறேன் என்று சொல்லி மத்தியானமே முறுக்கு தின்று அகப்பட்டுக்கொண்டேன்.

ஃபைனலில் எதிர் டீம் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தது. அவர்கள் வேன் வழியில் பஞ்சராகி, ஆட்டம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது. கோச் வந்து, கரையோரம் கருவேல மரத்தடியில் பைக்கை நிறுத்தி, அதன்மேலேயே உட்கார்ந்து பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கைதட்டவும் இல்லை.

நாங்கள் இரண்டாவதாக ஆடினோம். கடைசி ஓவரில் ஒன்பது ரன் வேண்டும். அண்ணன் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் வரப்போகிறவர்கள் எல்லாரும் மட்டையைத் துடைப்பம் மாதிரி பிடிக்கிறவர்கள். மலை டீமிலிருந்து செருப்பில்லாத ஓர் ஒல்லிப் பையன் பந்து போட வந்தான். முதல் பந்து நாலு. கரை முழுக்க விசில். இரண்டாவது பந்து வெளியே எகிறியது. அண்ணன் வீசினான், கீப்பர் பிடித்தான். டென்னிஸ் பந்து உரசினால் சத்தமே கேட்காது, போதாததற்கு மைக்செட் வேறு அலறிக்கொண்டிருந்தது. பந்து போட்ட பையன் பாதிக் கையைத் தூக்கிக் கேட்டுப்பார்த்துவிட்டு, கிடைக்காது என்று தெரிந்து தலையைச் சொறிந்தபடி திரும்பி நடந்தான். சித்தப்பா அசையவில்லை. மைக்கில் ரன் இல்லை என்று அறிவித்தும் விட்டார்கள்.

நான் சித்தப்பாவுக்கு நேர் பின்னால் கரைமேல் உட்கார்ந்திருந்தேன். அதனால் அண்ணனின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் பிட்சைத் தட்டுகிற மாதிரி மெதுவாக நடந்து சித்தப்பாவின் பக்கத்தில் வந்தான். என்னவோ சொன்னான். அழுதுவிடப்போகிறவன் முகம் அது. சித்தப்பா தலையை ஆட்டி மறுத்தார். அவன் மறுபடியும் சொன்னான். சித்தப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் நெஞ்சில் கையை வைத்து இரண்டடி தள்ளி நிறுத்தி, கரையைப் பார்த்துத் திரும்பி, வலது கையை நன்றாக உயரத் தூக்கி விரலைக் காட்டினார்.

பந்து போட்ட பையன்கூட நம்பாமல் வாயைத் திறந்தபடி நின்றான். அடுத்த நிமிஷம் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் உள்ளே இறங்கிவிட்டார்கள். கேப்டன் சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“இன்னாயா, எந்தூரு சோறு துன்னுட்டு எவனுக்கு நிக்கிற?”

“எனக்கு கேட்டுச்சி. அவுட்டுன்னா அவுட்டுதான்” என்றார் சித்தப்பா. சட்டையில் இரண்டு பொத்தான் போய்விட்டது. அப்படியே நின்று மிச்சப் பந்துகளையும் புளியங்கொட்டையில் எண்ணி முடித்தார். மூன்று ரன்னில் தோற்றோம். கோச் பைக்கிலிருந்து இறங்கி நேராக அந்த மலைப் பையனிடம் போய் அவன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிருந்தது. ஊரே ஒரு பக்கம் நிற்க, சொந்த அண்ணன் மகன் வந்து கெஞ்சியும் மசியாத மனிதர் என் சித்தப்பா. மைக்செட் அலறலுக்கு நடுவே மட்டையில் உரசியது கேட்டதாமே, அது மனிதக் காதா? கடவுளே இறங்கி வந்து வெள்ளைச் சட்டை போட்டு நின்றதுபோல் இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் கிளாஸ் லீடரான நான், பேசுகிறவர்கள் பெயரை எழுதும்போது என் உயிர்த்தோழியின் பெயரை முதலில் எழுதி, கீழே என் பெயரையும் எழுதினேன். டீச்சர் இரண்டு பேரையும் முட்டிபோட வைத்தார். பெருமையாக முட்டிபோட்டேன். தோழிதான் ஒரு மாதம் பேசவில்லை.

சித்தப்பா அதன்பிறகு அம்பயராக நிற்கவில்லை. பெரிய ஆட்கள் உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டீம்தான் இனி வராதே என்று சொல்லிவிட்டது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

போன வருஷம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஏரியில் ஆட்டம். வழக்கம்போல் ஓர் அம்பயருக்குக் காது அடைத்துக்கொண்டது, வழக்கம்போல் சண்டை. கரையில் என் பக்கத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு உன்னைத் தவிர வேறு எவனாலும் அப்படிக் கையைத் தூக்கியிருக்க முடியாது சித்தப்பா என்றேன், அத்தனை வருஷத்துப் பிரமிப்போடும்.

“எனக்கு ஒன்னியும் கேக்கல பாப்பா. ஒங்கண்ணன்தான் வந்து பட்டுச்சின்னான். யாருக்கும் தெரியலடா, போய் ஆடுன்னன். நான் ஆட மாட்டன், வெளிய போறன்னான். அவனா போனா ஊருல ஒருத்தன் சும்மா வுடுவானா? அதான் நீ போவாத, நான் கைய தூக்கறன்னன். என்னிய நாலு பேரு திட்டுனா இன்னா போச்சி. அவன் இந்தப் பசங்களோடதான ஆடணும்.”

சொல்லிவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நான் எதையும் பார்க்கவில்லை.

ஃபைனல் முடிந்து அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் பின்னால் நடந்து வந்தது நினைவுக்கு வந்தது. வழியெல்லாம் ஆட்கள் அவனை நிறுத்தி, பாவம்டா, சொந்த சித்தப்பனே கழுத்தை அறுத்துட்டான் என்று தேற்றினார்கள். அவன் கேட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்க்கோடியில் ஆள் இல்லாத இடத்தில் சைக்கிளின் கேரியரைப் பிடித்து நிறுத்தினேன்.

“நீ சித்தப்பாகிட்ட அவுட் குடுக்காதன்னு கெஞ்சினதான? நான் பாத்தன்.”

அவன் ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் வருகிறதா என்று பார்த்தான்.

“ஆமா” என்றான். “வூட்ல சொல்லாத.”

இப்படிப்பட்டவனுக்குத் தங்கையாகப் பிறந்தேனே என்று வெட்கப்பட்டு, அவனை முந்திக்கொண்டு வேகமாக நடந்தேன்.