வாலில் ஒரு பித்தளை மீன்

விஸ்டின் ஸெராஃபாவுக்கு வேலை செய்துகொண்டே கனவு காணும் வழக்கம் உண்டு. ஊசி தன் போக்கில் போகும், ஆள் எங்கேயோ போய்விடுவார். படகுகளுக்குப் பாய் தைத்த காலத்தில் அது யாரையும் உறுத்தவில்லை. போர் வந்து, ஹால் ஃபார் விமானத் தளத்தில் இறக்கைத் துணி தைக்கச் சேர்ந்த பிறகுதான் சார்ஜண்ட் ஹாலமுக்கு உறுத்தியது.

"யோவ், தூங்குறியா, தைக்கிறியா?"

"ரெண்டும்தான் சார்."

அந்தக் கோடையில் எங்கள் தீவைக் காக்க இருந்தவை சில கிழட்டு விமானங்கள். இரட்டை இறக்கை, துணி உடம்பு. வெள்ளைக்காரன் தன் ஊரில் வேண்டாமென்று தள்ளியதை எங்களுக்குத் தள்ளிவிட்டான் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

"இது மேல ஏறி முடிக்கிறதுக்குள்ள இத்தாலிக்காரன் குண்டைப் போட்டுட்டு, வீட்டுக்குப் போயி, மக்ரோனி தின்னு கையும் கழுவிருவான்" என்பான் எஞ்சின் பிரிக்கும் ஸ்பீரு.

எல்லோரும் சிரிப்பார்கள். விஸ்டினுக்குச் சிரிப்பு வராது. குண்டு விழுவது போர்ம்லா துறைமுகத்தில். துறைமுகத்துக்கு மேல்தெருவில்தான் அவர் மனைவி சென்சா, இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலோடு கிடந்தாள். பாறையில் குடைந்த பதுங்குகுழிக்குத் தொண்ணூறு படி இறங்க வேண்டும். அவளோ ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் கனம். "என்னைத் தூக்குற நாலு பேரையும் சேர்த்துக் கொல்லணுமா? நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். அபாயச் சங்கு ஊதினால் தெருவே காலியாகும். அவள் மட்டும் தனியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஓடுபாதை ஓரத்தில் அடிபட்டுக் கிடந்த குண்டுவீச்சு விமானத்தைப் பார்த்து சார்ஜண்டுக்கு ஒரு யோசனை வந்தது. அதன் எஞ்சினைக் கழற்றி, எங்கள் கிழட்டு விமானங்களில் ஒன்றுக்கு மாட்டினார். பழைய இரண்டு இலை விசிறியை எடுத்துவிட்டு, கோணம் மாற்றக்கூடிய மூன்று இலை விசிறியை வைத்தார். மேல் இறக்கையில் இன்னும் இரண்டு துப்பாக்கி. அவற்றைச் சுற்றித் துணி தைத்தவர் விஸ்டின். துணியை விறைக்க வைக்கும் பூச்சின் வாடை வெயிலில் கிறக்கமாக ஏறும். அந்தக் கிறக்கத்தில் விமானம் அவருக்குப் படகாகத் தெரியும். கூரைகளுக்கு மேலே மெதுவாக மிதந்து போகும். அதில் சென்சா இடுப்பு நேராகி உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு, கீழே இருப்பவர்களை அதட்டிக்கொண்டிருப்பாள்.

வேலை முடிகிற நாள் காலையில் அவர் கிளம்பும்போது சென்சா கூப்பிட்டாள்.

"இந்தாய்யா, வாசக்கதவுல தட்டுறதுக்கு இருக்கே பித்தளை மீனு, அதக் கழட்டி உன் விமானத்துல வச்சிரு. அது இருந்தாத்தானே கெட்ட சேதி வந்து தட்டும்?"

அவள் சொல்லை அவர் தட்டியதே இல்லை. கழற்றி, பையில் போட்டு, ஹால் ஃபாரில் யாரும் பார்க்காதபோது வால் துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டார். மத்தியானம் எடை பார்த்த சார்ஜண்ட் முகம் சுளித்தார். வால் பக்கம் கூடுதலாகக் காட்டியது. துணியைக் கிழித்தார். மீன் விழுந்தது. கூடவே ஸ்பீருவும் மற்றவர்களும் ஒளித்துவைத்த மாதா பதக்கங்கள் ஒரு கைப்பிடி விழுந்தன.

"இது விமானமா, கோயில் உண்டியலா? இந்த மீனு நகர்ந்து சுக்கான் கம்பியில மாட்டியிருந்தா பைலட்டு கதி என்னய்யா?"

படகில் கட்டாத எந்தச் சாமானும் உருளும் என்பது விஸ்டினுக்குத் தெரியாதா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. "வீட்டுக்காரி குடுத்தா சார். அவளால குழிக்கு இறங்க முடியாது."

சார்ஜண்ட் மீனைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"மூக்குல கனத்த எஞ்சின் வச்சிருக்கேன். எப்படியும் வால்ல ஈயம் கட்டணும். இது இருந்துட்டுப் போகட்டும். ஆனா திருகாணி போட்டு நான்தான் இறுக்குவேன்."

மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. விமானம் விறுவிறுவென்று ஏறியது, கிழவன் மாடிப்படியில் ஓடுவதுபோல. விஸ்டின் அண்ணாந்து நின்றார். வெயிலில் அது ஒரு புள்ளியாகி, குண்டுவீச்சு விமானங்களுக்கும் மேலே போய், அவற்றின்மேல் பாய்ந்தது. வரிசை கலைந்தது. குண்டுகளில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன.

எல்லாம் அல்ல. போர்ம்லா பக்கம் மஞ்சள் புழுதி எழுந்தது.

விஸ்டின் ஓடினார். வழியில் ஒரு கழுதை வண்டி, பிறகு மறுபடி ஓட்டம். தெருமுனை திரும்பினால், தன் வீட்டு வாசலில் கறுப்பு அங்கி போர்த்திய பெண்கள். பக்கத்து வீட்டுப் பிலுமினா ஜெபமாலையோடு வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"விஸ்டின் தம்பி, ஃபாதர் எங்க? கூட்டிட்டு வரலியா? பாவம், நல்ல மனுஷி."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழக்கூட வரவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருடி அது, என் வாசல்ல ஒப்பாரி? ஒரு மனுஷி கண்ணசர முடியல!"

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில் முதல் வேலை, யாரும் தட்டாதபடி கதவின் பித்தளையைக் கழற்றுவது. பதுங்குகுழியிலிருந்து ஏறிவந்தவர்கள் வெறுங்கதவைப் பார்த்தார்கள். விஸ்டின் வந்து கழற்றிவிட்டுப் பாதிரியாரைக் கூப்பிடப் போயிருக்கிறார் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். காலையில் மீனைக் கழற்றிய அவசரத்தில் இந்த வழக்கத்தை மறந்திருந்த விஸ்டின் சிரித்தார், பிறகுதான் அழுதார்.

"மேல போச்சா?" என்றாள் சென்சா.

"போச்சு."

"நம்ம மீனு?"

"அதுவும்தான்."

மறு ஆண்டு அந்த விமானம் தரையிலேயே எரிந்தது. மீன் கிடைக்கவில்லை. விஸ்டின் புது மீன் மாட்டவே இல்லை. புதிதாக வரும் தபால்காரர்கள் அந்த வாசலில் தொப்பியைக் கழற்றுவார்கள். சென்சா கட்டிலில் கிடந்தபடியே ஜன்னல் வழியாக அவர்களை வசைபாடி வாழ்த்துவாள்.

போர் முடிந்து ஆறாம் வருஷம், ஒரு காலை, சென்சா உறக்கத்திலேயே போய்விட்டாள். விஸ்டின் திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெறுங்கதவின் முன்னால் அதைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.