சின்ன வால்வு ஜெயித்த நாள்

போன வாரம் கழக்கூட்டம் சந்திப்பில் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டேன். முன்னால் நின்ற பழைய காரிலிருந்து எரியாத பெட்ரோல் வாடை வந்தது. மகள் மூக்கைப் பொத்தினாள். எனக்கோ கரமனையில் நான் வேலை பார்த்த பட்டறை கண்முன் வந்து நின்றது.

அங்கே இஞ்சின் பிரிவில் நானும் மார்த்தாண்டத்துக்காரி ஸ்டெல்லாவும்தான். இருவரும் டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தவர்கள். மண்ணெண்ணெயில் வால்வுகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அவள் சாப்பாட்டுப் பாத்திரத்திலிருந்து மீன்குழம்பு மணக்கும். இன்றும் மண்ணெண்ணெய் வாடை பட்டால் எனக்குப் பசிக்கிறது.

வேலை குறைந்துபோய், எங்கள் பிரிவையே மூடிவிடலாமென்று முதலாளி சுகுமாரன் அண்ணன் யோசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நகரத்துக் கார்க்காரர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு பெட்ரோல்; கழக்கூட்டத்தில் கிளம்பி, நகரத்தின் நடுவே கிழக்கேகோட்டை வழியாகக் கடலோர விழிஞ்ஞத்தைப் பார்த்துப் போக வேண்டும். அதிக தூரம் போகிற கார்தான் ஜெயிக்கும்.

போட்டிக்கு நாங்கள் இறக்கிய அண்ணனின் காரில், இஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வுகள் பெரியவை. அது என் யோசனை. வாய் பெரிதானால் காற்று நிறையப் போகும், சக்தி கூடும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருந்தேன். நெடுஞ்சாலையில் கார் பறக்கத்தான் செய்தது. ஊருக்குள் ஊர்ந்தாலோ பெட்ரோலை மடமடவென்று குடித்தது.

காரைக் கழுவிக்கொண்டிருந்த ஸ்டெல்லா ஓஸ் குழாயின் வாயை விரலால் அழுத்தினாள். தண்ணீர் சுவர்வரை பீய்ச்சியடித்தது.

"இத பாரு மக்கா. வாய் சின்னதானா வேகம் கூடும். மெதுவா ஓடுற இஞ்சினுக்கு நீ இம்மாம்பெரிய வாசல் வச்சிருக்க. காத்து சோம்பேறியா உள்ள போவுது. பெட்ரோல் அதோட கலக்காம கொழாய் செவுத்துல ஒட்டுது. பின்னே எப்படி எரியும்?"

"அப்ப பழைய வால்வையே போடணுமா?"

"வால்வு மட்டும் போதாது. காத்து போற வழியையும் ஒடுக்கணும்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வால்வும் காற்று வழியும் சின்னதாக இருந்த பழைய இஞ்சின் தலையைத் தேடி எடுத்து, அவள் சொன்னபடியே அவளோடு சேர்ந்து வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தினேன். அண்ணன் பார்த்துவிட்டு, "ஊருக்காரங்க முன்னாடி என் மானத்த களையாதீங்க, கேட்டோ" என்றார்.

போட்டியன்று ஸ்டெல்லா ஓட்டினாள். நான் பக்கத்தில், அண்ணன் பின்னால். கிழக்கேகோட்டையில் பஸ்களுக்கு நடுவே நின்று நின்று நகர்ந்தோம். மற்றவர்களின் பெட்ரோல் தீர்ந்தது அங்கேதான். எங்கள் இஞ்சின் முனகாமல் இழுத்தது. திருவல்லம் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளைக் கார்தான். அதுவும் ஓரத்தில் நின்றுவிட, அதன் சொந்தக்காரர் இறங்கி எங்களுக்குக் கைகாட்டினார்.

"ஸ்டெல்லே, வண்டிய விடு, விடு" என்று அண்ணன் சீட்டைத் தட்டினார். கடல் தெரிகிற மேட்டில் ஏறிய பிறகே எங்கள் கார் நின்றது. மூவரும் ரோட்டில் இறங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அந்த வாரமே பட்டறை வாசலில் கார்கள் வரிசை கட்டின. பிரிவை மூடுகிற பேச்சை அண்ணன் பிறகு எடுக்கவே இல்லை.

இன்று பட்டறை இருந்த இடத்தில் துணிக்கடை. இப்போதைய கார்களில் வால்வு எப்போது, எவ்வளவு திறக்க வேண்டுமென்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. நாங்கள் ஜெயித்து நின்ற மேட்டையும் காணோம். துறைமுகச் சாலைக்காக அதை வெட்டி எடுத்துவிட்டார்கள்.