கேபிளை மடித்தது யார்?

கனடாவிலிருந்து வந்திருந்த என் மனைவியின் அண்ணன் குடும்பம் அன்றிரவு திரும்புவதாக இருந்தது. போவதற்கு முன் எல்லோரையும் எங்கள் வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் நிறுத்தி, ஃபிலிம் கமராவில் ஒரு படம் எடுக்க நினைத்தேன். ஃபோனில் எடுத்தால் போதுமென்றார்கள்; நான் கேட்கவில்லை.

பொழுது சாய்ந்துவிட்டதால் ஷட்டர் மெதுவாகத்தான் திறந்து மூடும். விரலால் அழுத்தினால் கமரா ஆடிவிடும் என்று, கமராவைத் தொடாமலே ஷட்டரை இயக்கும் கேபிள் ரிலீஸைப் பொருத்தி, அதன் நுனியை அழுத்தினேன். அசையவே இல்லை. உள்ளே கம்பி மடிந்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

“மேசையில வச்ச கேபிளை ஆர் மடிச்சது? இந்த வீட்டில ஒண்டையும் வைக்கேலாது!” என்று கத்தினேன். பிள்ளைகள் மிரண்டுபோனார்கள்.

“நான்தான் தம்பி. மேசை துடைக்கேக்க மடிஞ்சிருக்கும்,” என்றார் மாமி, என் மனைவியின் தாய்.

அவரை முறைத்துக்கொண்டே கேபிளைக் கழற்றினேன். அப்போதுதான் அதன் கழுத்திலிருந்த சின்னத் திருகாணி கண்ணில் பட்டது. கேபிள் தானாக அழுந்தாதிருக்க, வழமைபோல நான்தான் அதை இறுக்கிவைத்திருந்தேன். தளர்த்தியதும் வேலை செய்தது. மறுபடி பொருத்திப் படத்தை எடுத்தேன்.

அவர்களை வழியனுப்பிய பிறகு மாமியிடம் கேட்டேன்: “நீங்க அதைத் தொட்டனீங்களோ?”

“இல்லை. நீங்க கத்த, பிள்ளையளின்ர முகம் வாடிப்போச்சு. படத்திலயும் அப்பிடியே விழுந்திடுமெண்டு பயந்திட்டன். அதுதான் நானெண்டு சொன்னனான்.”

மாமியிடம் நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை.

படத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், மாமியுந்தான். கனடாவில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். எங்கள் பிரதியை நான் இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை.